காலை வண்டியை எடுத்துவிட்டார்கள், என் வேலையும் போய்விடுமா?

இந்த முறை எடுத்துக்கொண்ட கடிதம் உலு சிலாங்கூர் பக்கமிருந்து வந்தது. தோட்டத்தை ஒட்டிய சின்னப் பட்டணம். தன் பெயர் வேண்டாம் என்று எழுதியவர் கேட்டிருக்கிறார். ஊர்ப் பெயரை நானாகவே விட்டுவிட்டேன். அந்த ஸ்டேஷனில் விடியற்காலை வண்டிக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்.

அவருக்கு வயது 34. கெப்போங் பக்கம் ஒரு தொழிற்சாலையில், பொருளைப் பெட்டியில் அடுக்கும் பிரிவில் ஆறு வருடமாக வேலை. மாதம் 1,820 வெள்ளி. கணவருக்குச் செம்பனை ஆலையில் இரவு ஷிஃப்ட். காலை ஐந்தரைக்குத்தான் வீடு திரும்புவார். 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கணவர் வாசலில் மோட்டாரை நிறுத்தியதும், எஞ்சின் சூடு ஆறுவதற்குள் இவர் அதே மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். செம்மண் சாலையில் கால் மணி நேரம் ஓட்டினால் ஸ்டேஷன். 5.50 கொமுட்டர் ரயில் ஏறினால் 7.10-க்கு வேலையிடத்து வாசல். வருடக்கணக்காக இப்படித்தான் ஓடியது.

அட்டவணை மாறியது. அரை மணிக்கு ஒன்றாக வந்த வண்டி ஒரு மணிக்கு ஒன்றானபோது அந்த 5.50 எடுபட்டுப் போனது. இப்போது 5.20, விட்டால் 6.20. முதல் வண்டி கிளம்பும்போது கணவர் வீட்டுக்கே வந்திருக்கமாட்டார். இரண்டாவதில் போனால் பஞ்ச் கார்டு 7.45 என்று அடிக்கிறது. வேலையோ 7.30-க்கு. இரண்டு வார்னிங் லெட்டர் வந்துவிட்டது. தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் சம்பளத்தில் 20 வெள்ளி பிடிக்கிறார்கள். மூன்றாவது லெட்டர் வந்தால் வேலை போய்விடும், அதற்குள் 24 மணி நேர நோட்டீஸில் நீங்களே நின்றுவிட்டால் பெயர் கெடாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் தூங்கும்போதே கிளம்பி 5.20-ஐப் பிடித்துவிடலாமா, இல்லை கெப்போங் வரை மோட்டாரிலேயே போய்விடலாமா என்றும் யோசிக்கிறார். கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: "லோயர் அக்கா, என் தாத்தா இந்தத் தண்டவாளத்துக்குச் சிலிப்பர் கட்டை தூக்கியவர். வண்டியைக் குறைத்தவர்கள் மேல் கேஸ் போட முடியாதா?"

தங்கச்சி, கேஸ் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். அதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது.

அந்த ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள்

சூப்பர்வைசர் நல்ல எண்ணத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் 24 மணி நேர நோட்டீஸ் என்றால் என்ன என்று அவரும் யோசித்திருக்கமாட்டார். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, எத்தனை நாள் நோட்டீஸ் என்று உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. எழுதாமல் விட்டிருந்தால், ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர் எட்டு வாரம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் மறுநாளே நின்றால், நோட்டீஸ் காலத்துச் சம்பளத்தை நீங்கள் கம்பெனிக்குக் கட்ட வேண்டி வரும். பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் போய்க் கையிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம் கொடுப்பீர்களா?

இன்னொன்றும் போகும். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கு, எஸ்.ஐ.பி. என்று சம்பளச் சீட்டில் இருக்குமே, 2018 முதல் மாதாமாதம் பிடிக்கிறார்கள். வேலை இழந்தவருக்கு அதில் உதவித்தொகை உண்டு. தானாக நின்றவருக்குக் கிடையாது. ஒழுங்கு மீறலுக்காக நீக்கப்பட்டவருக்கும் கிடையாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம், நியாயமில்லாமல் நீக்கிவிட்டார்கள் என்று முறையிடும் வழி. நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், "என்னை நீக்கினார்கள்" என்று பிறகு நிரூபிப்பது சாதாரணக் காரியம் இல்லை. என் மேசைக்கு வரும் வேலை வழக்குகளில் பாதி இப்படிப்பட்டவைதான்: காகிதத்தை நீட்டினார்கள், அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டேன், இப்போது என்ன செய்யலாம்?

மூன்று லெட்டர் என்ற கணக்கு

இது தோட்டத்திலிருந்து டவுன் வரை எல்லாரும் நம்பும் கணக்கு. சட்டத்தில் அப்படி ஒரு எண்ணிக்கையே இல்லை. மூன்று லெட்டர் கொடுத்துவிட்டால் தானாக நீக்கலாம் என்றும் இல்லை, மூன்றுக்குக் குறைந்தால் நீக்கவே முடியாது என்றும் இல்லை. ஒழுங்கு மீறலுக்காக ஒருவரை நீக்குவதற்கு முன் உரிய விசாரணை நடத்த வேண்டும் என்று அதே வேலைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது. என்ன குற்றச்சாட்டு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், உங்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

உங்கள் தோழி சொன்ன யோசனையையும் எழுதியிருக்கிறீர்கள்: ஸ்டேஷனில் சீல் வைத்த கடிதம் வாங்கிக் கொடுத்துவிட்டால் கம்பெனி ஒன்றும் செய்ய முடியாது என்று. இங்கேதான் நீங்கள் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். சிக்னல் கோளாறால் வண்டி ஒரு நாள் நடுவழியில் நின்றது என்றால் அது யாரும் எதிர்பாராதது. அன்றைய தாமதத்துக்கு அந்தக் கடிதம் நல்ல ஆதாரம். ஆனால் 5.50 வண்டி இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும், சுவரில் ஒட்டியிருக்கிற அட்டவணைக்கும் தெரியும். தினமும் தெரிந்தே நடக்கிற தாமதத்துக்கு அதைச் சாக்காகச் சொன்னால், "வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியது உன் பொறுப்பு" என்பார்கள். தொழில் நீதிமன்றமும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாயும். தொடர்ந்து தாமதமாக வருவது நீக்கத்துக்குக் காரணமாகலாம், அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதே அட்டவணை வேறு ஒன்றுக்குப் பிரமாதமான ஆதாரம். வேலை நேரத்தை மாற்றிக் கேட்பதற்கு.

நேரத்தை மாற்றிக் கேளுங்கள், எழுத்தில்

அந்தச் சட்டத்துக்கு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் திருத்தத்தில் 60P, 60Q என்று இரண்டு பிரிவுகள் வந்தன. வேலை நேரத்தையோ வேலை நாளையோ வேலையிடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் சொல்லியாக வேண்டும். மறுத்தால் காரணமும் எழுத வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதனால் இதை மந்திரக்கோல் என்று நினைக்க வேண்டாம். ஆனால் பேச்சில் கேட்டது காற்றோடு போகும். விண்ணப்பம் கோப்பில் இருக்கும். நாளைக்கே விசாரணை என்று உங்களை உட்கார வைத்தாலும், "நான் தாமதமாக வந்தேன், ஆனால் இந்தத் தேதியில் இப்படித் தீர்வும் கேட்டேன்" என்று காட்ட முடியும். வழக்கின் முகமே அங்கே மாறிவிடும்.

ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். தாத்தா கதை வேண்டாம், அழுகையும் வேண்டாம். கிட்டத்தட்ட இப்படி:

"நான் ஆறு வருடமாகப் பொட்டலப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்தத் தேதியிலிருந்து நான் வந்துகொண்டிருந்த 5.50 ரயில் அட்டவணையில் இல்லை. பழைய அட்டவணையும் புதிய அட்டவணையும் இத்துடன் இணைத்துள்ளேன். என் வேலை நேரத்தை 7.30–4.30 என்பதிலிருந்து 8.00–5.00 என்று மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மொத்த நேரம் குறையாது. முடிவு வரும்வரை, தாமதமாகும் 15 நிமிடத்தை மாலையில் ஈடுசெய்யத் தயாராக இருக்கிறேன்."

கடைசி வரி முக்கியம். பதில் சொல்ல அவர்களுக்கு 60 நாள் இருக்கிறது, உங்களுக்கோ நாளைக் காலையே 6.20 வண்டி. மலாயில் எழுதி எச்.ஆர். கையில் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் வாங்குங்கள். முத்திரை போட மாட்டேன் என்றால் படம் எடுத்து வாட்சாப்பில் அனுப்பிவிடுங்கள், அதில் தேதி தானாக விழும். மேலதிகாரி எப்படிப்பட்டவர் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அட்டவணை மாறும்வரை ஒரு தாமதமும் இல்லாத ஆளை அரை மணி நேரத்துக்காக இழக்க, பொட்டலப் பிரிவுக்கு ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில், பல கம்பெனிகள் யோசிக்கும்.

அந்த 20 வெள்ளி

இதில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. கணக்குப் போடுங்கள். மாதச் சம்பளம் 1,820. சட்டப்படி 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 70 வெள்ளி. எட்டு மணி நேர வேலை என்றால் மணிக்கு 8 வெள்ளி 75 காசு. பதினைந்து நிமிடத்துக்கு 2 வெள்ளி 19 காசு. வேலை செய்யாத நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்று அந்த 2 வெள்ளி 19 காசைக் குறைத்தால் சண்டை போட ஒன்றும் இல்லை. மீதி 17 வெள்ளி 81 காசு அபராதம். சம்பளத்திலிருந்து எதை எதைப் பிடிக்கலாம் என்று 24-ஆவது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. தாமத அபராதம் அந்தப் பட்டியலில் இல்லை.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்தது அடிப்படைச் சம்பளத்திலா, வருகைப் படியிலா? தாமதமாக வந்தால் கிடையாது என்ற நிபந்தனையோடு கொடுக்கிற வருகைப் படியை வெட்டியிருந்தால் அது வேறு கதை. சம்பளச் சீட்டில் எந்த வரியில் கழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அடிப்படைச் சம்பளத்தில்தான் என்றால் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில், நம்மவர்கள் லேபர் ஆபீஸ் என்போமே, அங்கே புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. வேலையில் இருந்துகொண்டே புகார் கொடுப்பதா என்று தயங்குவீர்கள், நியாயம்தான். முதலில் நேரமாற்ற விண்ணப்பம் போகட்டும், அதற்குப் பதில் வரும்வரை சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் நீட்ட வேண்டாம்.

சரி, ரயில் மேல் கேஸ்

போட்டால் நிற்காது என்பதுதான் என் கருத்து. கொமுட்டர் 1995-இல் ஓடத் தொடங்கியது. உங்கள் பக்கத்துத் தடத்துக்கு, ரவாங்கிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை, 2007-க்கும் 2009-க்கும் இடையில் படிப்படியாக வந்து சேர்ந்தது. அன்று முதல் இன்றுவரை, இந்த நேரத்துக்கு இந்த வண்டி என்று எந்தப் பயணிக்கும் யாரும் ஒப்பந்தம் எழுதித் தரவில்லை. நீங்கள் டிக்கெட் வாங்குகிறீர்கள், வாங்கிய பயணம் உங்களுக்குக் கிடைக்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய சேவை கிடைக்கவில்லை என்பவருக்குத்தான் அது உதவும். இல்லாத 5.50 வண்டிக்கு நீங்கள் டிக்கெட்டே வாங்கவில்லையே. பொது அமைப்பின் முடிவை உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு செய்யக் கேட்கும் வழியும் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். அங்கே நீதிபதி பார்ப்பது முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பதைத்தான், உங்களுக்கு வசதியானதா என்பதை அல்ல. அதற்கு ஆகும் செலவில் ஒரு நல்ல மோட்டார் வாங்கலாம்.

தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் வீட்டிலும் செந்தூல் ரயில் பட்டறையில் கை கறுத்தவர்கள் உண்டு. அந்தத் தண்டவாளத்தில் நமக்குப் பங்கு உண்டு என்று சொல்லும்போது எனக்கும் தொண்டை அடைக்கும். நீதிமன்றத்தில் அந்தப் பங்கை எந்தப் பிரிவின் கீழ் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

வண்டி ஏன் குறைகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எதைக் கேட்டால் கிடைக்கும் என்பது அதில்தான் இருக்கிறது. 2016-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய இரட்டைத் தண்டவாளத்தைச் சீரமைக்கும் வேலை தொடங்கியது. இரண்டு தடத்தில் ஒன்றை மூடி வேலை செய்ய வேண்டியிருந்ததால், நெரிசல் நேரத்துக்கும் அரை மணிக்கு ஒரு வண்டி என்றானது. இன்னொரு சிக்கல், ஓட்டுவதற்கு வண்டி வேண்டும். சீனாவில் செய்து 2012-இல் ஓடத் தொடங்கிய ஆறு பெட்டித் தொடர்கள் மொத்தம் 38. பழுதுபார்க்க உள்ளே போனவை போக மிச்சம்தான் தடத்தில் ஓடும். தஞ்சோங் மாலிமிலிருந்து போர்ட் கிள்ளான் போய்த் திரும்ப ஆறு மணி நேரம் என்று வையுங்கள். அரை மணிக்கு ஒரு வண்டி விட 12 தொடர் வேண்டும். ஒரு மணிக்கு ஒன்று என்றால் ஆறு போதும். வண்டி பற்றாமல் போனால் முதலில் கை வைப்பது, ஏறுகிறவர்கள் குறைவாக இருக்கும் கடைசி ஸ்டேஷன்களில்தான். 62 புதிய தொடர்களைச் சீனாவிலிருந்து குத்தகைக்கு எடுப்பதாக 2025-இல் அரசு அறிவித்தது. வரட்டும், நல்லதுதான். உங்கள் மூன்றாவது லெட்டருக்கு முன்னால் வராது.

அதனால் "பழையபடி வண்டி விடு" என்று கேட்பதைவிட, "6.20-ஐ 5.55-க்கு நகர்த்து" என்று கேளுங்கள். கூடுதல் வண்டி கேட்டால் கூடுதல் தொடர் வேண்டும். நேரத்தை நகர்த்த அது வேண்டியதில்லை. அதே தடத்தில் இ.டி.எஸ். விரைவு ரயிலும் சரக்கு வண்டியும் ஓடுவதால் சுலபமும் இல்லை, ஆனால் கேட்கத் தகுந்த கேள்வி. ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் எடுத்து இரண்டு வாரம் எழுதுங்கள்: எந்த வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேருக்கு 7.30 வேலை. கையெழுத்து வாங்கி ரயில் நிறுவனத்துக்கும், தரைப் பொதுப் போக்குவரத்தைக் கவனிக்கும் அபாட்டுக்கும், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். 6.20-இல் வசதியாகப் போகிறவர்களும் அதே மேடையில் நிற்பார்கள், அவர்களையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பிள்ளைகளும் மோட்டாரும்

தூங்குகிற பிள்ளைகளை விட்டுவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். அரை மணி நேரம்தானே, அவர் வந்துவிடுவாரே என்று எழுதியிருக்கிறீர்கள். ஆலையில் ஒரு நாள் ஓவர்டைம் விழுந்தால்? 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 33-ஆவது பிரிவில், தகுந்த கண்காணிப்பு இல்லாமல் பிள்ளையை விட்டுப்போவது குற்றம். லயத்தில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி ஒரு பாட்டியிடம் கேட்பது கூச்சமாக இருக்கலாம், கேளுங்கள். அந்தச் சில வாரத்துக்கு மட்டும் என்று சொல்லி ஏதாவது கொடுத்துவிடுங்கள். பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் நீங்கள் 5.20-இல் போகலாம். விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை தாக்குப்பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அந்த 15 நிமிடக் கணக்கையே கடிதத்தில் எழுத வேண்டியிருக்காது.

கெப்போங் வரை மோட்டார் என்பதை நான் தடுக்க முடியாது, ஆனால் லாரிகளுக்கு நடுவில் இருட்டில் தினமும் போக வர நூறு கிலோமீட்டருக்குப் பக்கமாக வரும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் விபத்து நடந்தால் சொக்சோ பாதுகாப்பு உண்டு, ஸ்டேஷன் வரை ஓட்டும் அந்தக் கால் மணி நேரத்துக்கும் சேர்த்து. சொந்த வேலைக்காகப் பாதை மாறியிருந்தால் அங்கேதான் சிக்கல் வரும். தினமும் எந்தப் பாதையில் போகிறீர்களோ அதிலேயே போங்கள், ஏதாவது நடந்தால் போலீஸ் புகாரும் ஆஸ்பத்திரிச் சீட்டும் அன்றே கைக்கு வர வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு நீக்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். 61-ஆவது நாள் போனால் கதவு மூடியிருக்கும். எச்.ஆரில் மறுபடி பேசிப் பார்க்கலாம், மேலிடத்தில் முறையிடலாம் என்று காத்திருந்து நாளைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே நடக்கும் சமரசப் பேச்சுக்கு என்னைப் போன்ற வழக்கறிஞர்கள் உங்களுக்காக வர முடியாது, அதனால் காசும் செலவாகாது.

மூன்றாவது லெட்டர் வந்தால் வாங்க மறுக்காதீர்கள், கிழிக்காதீர்கள், அங்கேயே நின்று வாதம் செய்யாதீர்கள். கையெழுத்துக்குக் கீழே மலாயில் ஒரு வரி எழுதுங்கள்: "தெரிமா, தெத்தாப்பி தீடாக் பெர்செத்துஜு". பெற்றுக்கொண்டேன், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் தேதி போட்டு, கொடுப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.